தொடக்கூடாத பணம்

"இதத் தொடாதீங்க சார். உங்க கடைசிக் காலத்துக்குன்னு வச்ச பணம் இது" என்றார் ஜெயராணி, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே உட்கார்ந்திருந்தார் வைத்திலிங்கம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து, மேல்பட்டாம்பாக்கம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடலூருக்கு பஸ் ஏறி வந்திருந்தார். கண் எரிந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. உடம்பு என்னவோ போன வருடமே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது.

ஜெயராணிக்கு மஞ்சக்குப்பத்தில் முதலீட்டு ஆலோசனை ஆபீஸ். ஏலச்சீட்டில் ஏமாந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற வைத்திலிங்கத்தை, மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட வைத்தது ஜெயராணிதான். சும்மா போடவிடவில்லை. மகள் வினோதினி கல்யாணத்துக்கு ஒன்று, புருஷன் பெண்டாட்டி கடைசிக் காலத்துக்கு ஒன்று என்று பெயர் வைத்துப் பிரித்தார். ஒன்றுக்குப் போட்டதை இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது என்பது அவருடைய வேதம். புயலில் கூரை பறந்தபோதுகூட, "வெளியில பொரட்டிக்குங்க சார், இதுல கை வைக்காதீங்க" என்று திருப்பி அனுப்பிய புண்ணியவதி.

"கல்யாணத்துக்குப் போட்டது நகைக்கும் மண்டபத்துக்குமே சரியாப் போச்சு மேடம்" என்றார் வைத்திலிங்கம். "இப்ப காரு கேக்கறாங்களே, என்ன பண்ணச் சொல்றீங்க?"

ஜெயராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க வீட்டுக்காரி சொல்றா, நம்ம பெட்டியத் தொறந்து எண்ணிப் பாத்தவங்க மாதிரியே கேட்டிருக்காங்கன்னு. அந்தக் காரு வெலயும் இதுல இருக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குது."

"இத எடுத்துட்டா ரிட்டயர் ஆனப்பறம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?"

"எங்கியாவது வாட்ச்மேன் வேலைக்குப் போவேன்."

"இந்த உடம்ப வச்சிக்கிட்டா?"

"அவுங்க கொஞ்சம் எறங்கி வந்தா நான் ஏன் மேடம் இதத் தொடப் போறேன்?"

"வீட்டு விஷயத்த ஆபீஸ்ல பேசக் கூடாது சார். ஒடைக்காதீங்க. அட்வைசரா நான் சொல்ல வேண்டியது அதுதான். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

இஷ்டமாம்! பத்திரிகை அடித்துப் பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. வினோதினி மாப்பிள்ளையோடு போனில் பேசிப் பேசிச் சிரிக்கிறாள். இப்போது இல்லை என்று சொன்னால் கல்யாணம் நிற்கும், நிற்காவிட்டால் ஆயுசுக்கும் அவளுக்குச் சொல்லிக் காட்டுவார்கள். பெண்ணைப் பெற்றவனுக்கு இஷ்டம் எங்கிருந்து வரும்? வைத்திலிங்கத்துக்கு ஆத்திரம் இருந்தது. சண்டை போடத்தான் தெம்பில்லை.

"எடுத்துடுங்க மேடம்."

போனுக்கு வந்த ஓடிபியை அவர் ஒவ்வோர் எண்ணாகப் படிக்க, ஜெயராணி தட்டினார். அவ்வளவுதான். வருடக்கணக்கில் டீயைக் குறைத்து, பீடியை விட்டுச் சேர்த்த பணம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

"மூணு நாள்ல உங்க பேங்க்ல வந்துடும். பெரிய தப்புப் பண்றீங்க சார். எங்கிட்ட வர்றவங்க யாரையும் இப்பிடிப் பண்ண விட மாட்டேன்." ஜெயராணியின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

வைத்திலிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்த ஜெயராணி, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காரு மட்டும் வெள்ளக் கலரா எடுத்துடுங்க சம்பந்தி. எம் பையனுக்கு வேற கலரு புடிக்காது."