பூரணத்தின் குரல்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எல்லாமே ஓசியில் கிடைக்க வேண்டும். ஓசியில் படம் இறக்க என் மகன் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றினான். அன்றிலிருந்து அது நாளுக்கு நான்கு முறை தானாக அணைந்துபோகிறது. செத்துப்போன என் மனைவி பூரணத்தின் குரல் அதற்குள்தான் இருக்கிறது.

பழுது பார்க்க வந்த ஜெசிந்தா சொன்னாள்: "அணைஞ்சு அணைஞ்சு அம்மா பேசின ஃபைல் கெட்டுப்போச்சு ஐயா. ஆனா படம் இறக்க உங்க பையன் ஏத்தின சாஃப்ட்வேர் நம்மகிட்ட இருக்கறதையும் வெளிய அனுப்பும். யாரோ ஒருத்தர் அம்மா குரலை எடுத்து வச்சிருக்கார். அவர் தன் கம்ப்யூட்டரைப் போடறப்ப நம்மதும் ஓடிட்டிருந்தா திரும்ப இறங்கிடும்."

"யார் அவன்?"

"அது தெரியாதுங்க."

"முகம் தெரியாதவன் வீட்டுல பூரணம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கமாட்டா. புளுகாதம்மா."

எழுந்து வெளியே நடந்தேன். கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லவில்லை.