மாப்பிள்ளை மாட்டிய டிஸ்க்

மேசைக்கு அடியில் மாப்பிள்ளையின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. நாட்டுக்கோழி வறுவல் தட்டோடு நர்மதாவின் அம்மா அறை வாசற்படியில் நின்றாள்.

"மாப்ளைங்க, ரெண்டு வாய் சாப்ட்டுப்போட்டு அப்புறம் பாருங்களேன்."

"புது டிஸ்க்கு பேரே காட்ட மாட்டீங்குதுங்க அத்தை. பாதியில எந்திரிச்சா மறுபடி மொதல்ல இருந்து வரோணும்," என்றது மேசைக்கு அடியிலிருந்து தீர்த்தகிரியின் குரல்.

நர்மதாவுக்கு முகம் சுண்டிப்போனது. கல்யாணம் முடிந்து தலை ஆடிக்குப் புருஷனோடு மல்லசமுத்திரம் வந்திருக்கிறாள். அப்பா தறிக்குத் துண்டு டிசைன் வரைகிற கம்ப்யூட்டர், திறந்து முடிப்பதற்குள் ஒரு பாவு நெய்துவிடலாம் என்கிற கதியில் நொண்டிக்கொண்டிருந்தது.

"எஸ்.எஸ்.டி. டிஸ்க்கு போட்டாப் பறக்கும்ப்பா. வாங்கி மட்டும் வெய்யுங்க. எங்கூட்டுக்காரரு கை வெச்சா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்று போனிலேயே பெருமை அடித்துக்கொண்டவள் அவள்தான். அப்பாவும் அதை நம்பிச் சேலம் போய் வாங்கி வந்துவிட்டார்.

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த தீர்த்தகிரி, வெயில் உச்சிக்கு வந்தும் எழுந்தபாடில்லை. கேபிளை மாற்றினேன் என்றார். வேறு துளையில் சொருகினேன் என்றார்.

"டிஸ்க்குக்குக் கரண்டு போகுதுங்களா மாப்ள?" என்று அப்பா வெளியிலிருந்து கேட்டார்.

"போகுதுங்க மாமா. ஒரு தரம் எட்டிப் பார்க்குது, அப்புறம் ஓடி ஒளிஞ்சிக்குது."

தங்கை இலக்கியாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "புதுசாச்சுங்களே, வெக்கப்படுதாட்ட இருக்குது! ஏங்க்கா, மாமா டிஸ்க்கை மாட்டறாரா, இல்ல புதுசா ஒண்ணு செய்யறாரா?"

"போடி. நுணுக்கமான வேலை. அவசரப்பட்டா ஆகுமா?"

அம்மாவுக்கு வேறு கவலை. "நேத்துப் பெரியப்பா ஊட்டுல அந்தப் பாடு சாப்ட்டவரு, நம்மூட்டுல கை நனைக்க மாட்டீங்கறாரே! ஒப்புட்டும் வேண்டாங்கறாரு, வறுவலும் வேண்டாங்கறாரு."

நர்மதா கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். மேசையைத் திருப்பிப் போட்டிருந்ததில் மானிட்டரின் முதுகுதான் தெரிந்தது. அதற்குப் பின்னால், ஒரு கையில் திருப்புளியும் இன்னொரு கையில் சொந்த வயிறுமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் தீர்த்தகிரி. அறுந்த இழை அகப்படாத தறிக்காரன் முகம்.

பயத்தில் வயிற்றைக் கலக்குகிறது போலும். பாவம், மாமனார் வீட்டில் மானம் போகிறதென்றால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

"ஏனுங்க, முடியலைன்னா முடியலைன்னு சொல்லிப்போடுங்களே. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"நீ போ புள்ள. கதவைச் சாத்திட்டுப் போ."

அதற்குள் அப்பா போனை எடுத்துவிட்டார். மூத்த மாப்பிள்ளை குருமூர்த்திக்கு. சங்ககிரி லாரி ஆபீசில் பொழுதன்னிக்கும் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு கிடக்கிற ஆள்.

போயும் போயும் அவருக்கா என்றிருந்தது நர்மதாவுக்கு. வேறு யார் வந்து சரிசெய்தாலும் போய்த் தொலைகிறது. சகலை வந்து சரிசெய்தால், இவள் பிள்ளை பெற்று அதற்குக் காது குத்துகிற வரைக்கும் அந்தப் பேச்சு ஓடும்.

குருமூர்த்தி வண்டியை நிறுத்துவதற்குள் அம்மா இலையை விரித்துவிட்டாள். "மொதல்ல கை கழுவுங்க மாப்ளைங்க. தலைக்கறி சூடா இருக்குது."

"இருக்கட்டுங்க அத்தை. மொதல்ல அதைப் பார்த்துப்போடறேன்." செருப்பைக் கழற்றிய வேகத்தில் அவர் உள்ளே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது.

நர்மதா சாமி படத்து முன்னால் போய் நின்றாள். இந்த ஒரு தடவை அவர் மானத்தைக் காப்பாற்று என்று குலசாமிக்கு ஒரு கடா நேர்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. எழவு கேட்க வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு குருமூர்த்தி தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மாமா, சகலை மேல ஒரு தப்பும் இல்லீங்க. இது ஒத்தை ஆளு பார்க்கற வேலையில்ல. பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் கூட உக்காரோணும். எங்களுக்காகக் காத்திருக்காம நீங்கெல்லாம் சாப்புடுங்க."

தலை உள்ளே போனது. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

"கேட்டுக்கிட்டியாடி?" என்று நர்மதா தங்கையைப் பார்த்த பார்வையில் ஒரு கடாவையே வெட்டியிருக்கலாம். போன மானம் திரும்பி வந்த தெம்பு. இரண்டு டம்ளரில் மோரை ஊற்றி எடுத்துக்கொண்டு, வேலையைக் கெடுக்கக் கூடாதே என்று அடிமேல் அடி வைத்து உள்ளே போனாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, மானிட்டரை அப்போதுதான் முன்பக்கமாகப் பார்த்தாள்.

அப்பாவின் துண்டு டிசைன்கள் ஒவ்வொன்றும் தொட்டால் திறந்தது, தொட்டால் மூடியது. கண் இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் இரண்டு மாப்பிள்ளைகளும் ஆளுக்கொரு இஞ்சி மரப்பா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு சாய்ந்து கிடந்தார்கள்.

நர்மதா வாயைத் திறப்பதற்குள் தீர்த்தகிரி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"கத்தீராத புள்ள... டிஸ்க்கு காலையிலயே ஓட ஆரம்பிச்சிருச்சு, வெளிய வந்தா இலை போட்டுருவாங்க!"