படம் வேண்டாம்

"படம் வேண்டாம்மா. குரலை மட்டும் போடுங்க, போதும்."

பெரியவர் பிடித்த பிடியிலேயே நின்றார். எடிட்டருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் மகளைத் தொலைத்துவிட்டு வந்திருக்கும் தகப்பன்.

வாரம் ஒருவராக, காணாமல் போனவர்களின் கதையைச் சொல்வது அவளுடைய செய்தித் தளத்தின் வழக்கம். இந்த வாரக் கதையை அவள் இரண்டு விதமாகத் தயாரித்து வைத்திருந்தாள். புகைப்படங்களை இசையோடு கோத்த ஸ்லைட்ஷோ ஒன்று. பெரியவரையே பேசவைத்துப் பதிவுசெய்த பாட்காஸ்ட் ஒன்று. இரண்டில் எது மக்களிடம் எடுபடும் என்று பார்த்து, ஒன்றை மட்டும் வெளியிட வேண்டும். இத்தனைக்கும் முதலில் தேடி வந்து உதவி கேட்டவர் இந்தப் பெரியவர்தான். மருமகன் பிறகுதான் போட்டோக்களோடு வந்து சேர்ந்தான்.

"மாமா, கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க," என்றான் மருமகன். தாடி மண்டி, கண் உள்ளே போய், ஆளே பாதியாகியிருந்தான். "முகம் தெரிஞ்சாத்தானே யாராவது பார்த்துட்டுச் சொல்லுவாங்க? போலீஸ்லயும், 'வயசு வந்தவங்க, தானா போயிருக்காங்க'ன்னு கைய விரிச்சுட்டாங்க. இனிமே மேடம்தான் நமக்கு கதி."

"அவர் சொல்றதுதான் சரி, ஐயா," என்றாள் எடிட்டர். "பாட்காஸ்ட்டை சமைச்சுக்கிட்டே கேப்பாங்க, பஸ்ல போய்க்கிட்டே கேப்பாங்க. ரெண்டு சொட்டுக் கண்ணீர்கூட விடுவாங்க. ஆனா உங்க பொண்ணு பக்கத்து சீட்லயே உக்காந்திருந்தாலும் அவங்களுக்குத் தெரியாது. ஸ்லைட்ஷோன்னா ஒரே நாள்ல அவங்க முகம் ஊரெல்லாம் போயிடும்."

பெரியவரின் முகம் சுண்டிப்போனது.

முதலில் ஸ்லைட்ஷோவை ஓடவிட்டாள். மருமகன் தன் போனிலிருந்து பொறுக்கிக் கொடுத்த படங்கள். கடற்கரையில் இருவரும், புது வீட்டு வாசலில் இருவரும், யாரோ ஒருவரின் பிறந்தநாள் கூட்டத்தில் இருவரும். எந்தப் படத்திலும் அவன் அவள் கையை விட்டிருக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் கடைசிப் படத்துக்குக் கீழே, 'ஒருபோதும் விடாத கை' என்று எழுதியிருந்தாள் எடிட்டர். இப்படி ஒருவனை விட்டுவிட்டு ஒருத்தி எங்கே போயிருப்பாள்?

மருமகன் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அடுத்தது பாட்காஸ்ட். பெரியவரின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. "அம்மாவுக்கு முட்டிவலி இப்போ பரவாயில்ல. உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, மூடி வெச்சிருக்கேன். மாடிக் குழாய் ஒழுகிக்கிட்டிருந்துச்சே, சரி பண்ணியாச்சு. எங்களை நினைச்சுக் கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு. நல்லா தூங்கு."

அவ்வளவுதான். அழுகை கிடையாது, கெஞ்சல் கிடையாது. கதை சொல்லத் தெரிந்த யாரும் இதைக் கதை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். குழாய் ஒழுகியதை யார் கேட்டார்கள்?

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. 'திரும்பி வந்துடும்மா'ன்னு இதுல ஒரு வார்த்தைகூட இல்லையே?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் அப்படித்தான் மேடம், கல்லு மனசு," என்றான் மருமகன். "நீங்க ஸ்லைட்ஷோவையே போடுங்க. என் நம்பரைக் கொஞ்சம் பெரிசா போடுங்க, யார் பார்த்தாலும் நேரா எனக்குத்தான் சொல்லணும். மாமா போனையும் நானேதான் வெச்சிருக்கேன். அவ கூப்பிட்டா இவர் பதற்றத்துல கட் பண்ணிடுவாரு."

எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள் எடிட்டர். ஸ்லைட்ஷோ என்று முடிவாயிற்று.

"கார்ல இதைவிடத் தெளிவா ஒரு படம் இருக்கு மேடம். எடுத்துட்டு வந்துடறேன்," என்று எழுந்து போனான் மருமகன்.

அவன் படியிறங்கும் சத்தம் தேயும்வரை பெரியவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கடைசிப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்கம்மா."

பெரிதாக்கினாள். அவன் பிடித்திருந்தது மனைவியின் கையை அல்ல, மணிக்கட்டை. பிடி இறுகிய இடத்தில் தோல் வெளுத்திருந்தது. சிரிக்கச் சொன்னதால் சிரித்த சிரிப்பு அவளுடையது. எடிட்டர் வேகவேகமாக மற்றப் படங்களையும் பெரிதாக்கினாள். கடற்கரையிலும் மணிக்கட்டுதான். புது வீட்டு வாசலிலும் அதேதான். இவ்வளவையும் இசையோடு கோத்து, அதற்கு ஒரு கவிதை வரியும் எழுதிவைத்த தன்னை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஸ்லைட்ஷோவை அழித்தாள்.

"படம் போட மேலிடத்துல ஒத்துக்கலன்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன், ஐயா. உங்க குரல் மட்டும்தான் போகும். பேர்கூட வராது." அவள் தயங்கினாள். "ஆனா, காணாமப் போன உங்க பொண்ணு இதைக் கேப்பாங்கன்னு என்னங்க ஐயா நிச்சயம்?"

படியில் காலடிச் சத்தம் மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"கட்டாயம் கேப்பா. வாராவாரம் இதைக் கேட்டுக்கிட்டே இரு, ஒரு நாள் நான் வந்து பேசுவேன்னு சொல்லித்தாம்மா அன்னைக்கு அவளை நானே பஸ் ஏத்திவிட்டேன்."