இறுக்கித் தைத்த கவுன்

"பாருங்க சேர், யூனிபோமை எப்படி இறுக்கித் தச்சுப் போட்டிருக்கானு! இதுல ஆட்டம் வேற" என்று கைபேசியைப் பள்ளிக்கூட அதிபரின் மேசையில் வைத்தார் கெத்தரின் டீச்சர். மாத்தளை டவுன்காரர். மாணவர் ஒழுக்கம் அவர் பொறுப்பு.

பதினைந்து விநாடி வீடியோ. ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால், வெள்ளைக் கவுனும் டையுமாக ஒருத்தி கைகளை விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடுகிறாள். முகத்தை வெள்ளையாக்கி வழவழப்பாக்கும் பில்டர் போட்டிருந்தது. விரல் நுனிகள் மட்டும் கறுப்பு.

"நகத்துக்குக் கறுப்புச் சாயம் வேற!" என்றார் டீச்சர்.

டிக்டொக்கில் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தின் மானம் கப்பலேறிவிட்டது என்று பழைய மாணவர் சங்கம் குதித்தது. கூரை ஒழுகியபோது எட்டிப் பார்க்காத சங்கம்தான்.

கதவோரம் தரம் பதினொன்று மாணவி பிரவீனா தலைகுனிந்து நின்றாள். சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்கு இன்னும் மூன்றே மாதம். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்த விடுகைப் பத்திரம் எழுதியாயிற்று, வீட்டாரிடம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"என் போன்லதான் டீச்சர் எடுத்தது. மன்னிச்சிருங்க." நான்கு நாட்களாக இதையேதான் சொல்கிறாள். "நான் வேணும்னா ஸ்கூல விட்டு நின்டுர்றேன். அம்மாவ மட்டும் கூப்பிடாதீங்க."

கெத்தரினுக்கும் மனமில்லைதான். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை. ஆனால் இவளை விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் ஆடுவார்கள். அம்மாவுக்கு ஏற்கனவே ஆள் அனுப்பியிருந்தார்.

அம்மா சந்திரகாந்தா, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. மகளை நிறுத்தப் போவதாக அதிபர் சொன்னதும் கைகூப்பினாள்.

"சேர், என்னய அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டி வேலைக்கு அனுப்பிட்டாங்க. யூனிபோமப் பாத்தாலே எனக்கு அழுகை வரும். இவளாச்சும் படிச்சிரட்டும்னுதான் கெடக்கேன். அப்படி என்னங்க பண்ணிட்டா?"

"நீங்களே பாருங்க." கெத்தரின் வீடியோவை ஓடவிட்டார்.

"அம்மா, பாக்காதம்மா!" பிரவீனா ஓடி வந்து கைபேசியை மறைக்கப் பார்த்தாள். டீச்சர் அவளை விலக்கிவிட்டார்.

சந்திரகாந்தா பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல மலர்ந்தது. அடுத்த கணம் அப்படியே வாடிப்போனது.

"இத நீ எல்லாருக்கும் காட்டிட்டியாடி?" என்று மகளைக் கேட்டாள்.

"நீ அவ்வளவு சந்தோசமா இருந்து நான் பாத்ததே இல்லம்மா" என்று விம்மினாள் பிரவீனா.

கெத்தரினுக்கு ஒன்றும் புரியவில்லை. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள் சந்திரகாந்தா.

"டீச்சர்... இதுல ஆடுறது நானுங்க."