ஏழு, மேலிருந்து கீழ்

ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். பல் தேய்ப்பேன். ஒரு டம்ளர் தண்ணீரைச் சூடாக்குவேன். கை தவறி இரண்டு டம்ளர் வைத்துவிட்டால் ஒன்றைக் கொட்டிவிடுவேன்.

பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். புதுக் கண்ணாடி நாலைந்து மாதமாகக் காணோம். ஆபீஸ் மேஜை, கட்டிலுக்கு அடியில், எல்லாம் தேடியாயிற்று.

ஆறரைக்கு மனைவியின் பெயரில் உள்ளே போவேன். ஒரு நிமிடம் இருப்பேன். ஒன்றும் எழுதாமல் வெளியே வந்துவிடுவேன்.

அவள் நடத்திய சாட் நெட்வொர்க் அது. குறுக்கெழுத்துப் பைத்தியங்கள் நாற்பது பேர். மொத்தமும் அவள் மேஜைக்குக் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் ஓடுகிறது. பேசியது எதுவும் அங்கே நிற்காது. நாம் உள்ளே வந்த பிறகு பேசுவதுதான் நமக்குத் தெரியும். அன்றைய புதிர் மட்டும் மேலே நிற்கும்.

நான் போக ஆரம்பித்ததிலிருந்து ஒரே புதிர்தான் நிற்கிறது. ஒரு விடை பாக்கி. ஏழு, மேலிருந்து கீழ். நாற்பது பேர் சேர்ந்தும் முடியவில்லை போலிருக்கிறது.

அங்கே அவள் பெயர் சில்வண்டு.

அறுபது நாள் தலைகாட்டாதவர் பெயரை இயந்திரமே அழித்துவிடும். அந்த விதியை எழுதியவளே அவள்தான். வராத மனுஷனுக்கு நாற்காலி எதுக்கு என்பாள்.

ஐம்பத்தெட்டாவது நாள் அவளுடைய மெயிலுக்கு எச்சரிக்கை வந்தது. இன்னும் இரண்டு நாளில் சில்வண்டு அழிக்கப்படும். அதுவும் அவள் எழுதி வைத்த வாசகம்தான். பாஸ்வேர்டு கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தது. உள்ளே போனேன்.

அறுபது நாளைக்கு ஒரு தடவை போனால் போதும். தினமும் போகிறேன்.

போன மாதம் அவர்களில் மூத்தவர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. காலையில அந்தப் பேரு உள்ள வந்தா இங்க ஒருத்தருக்கும் கை ஓடல." வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

அதனால் ஒரு புரோகிராமரைப் பிடித்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பெண். பெயர்களைக் காக்கிற புரோகிராமைப் புதிதாக எழுதித் தர வேண்டும். யாரும் வராமலே ஒரு பெயர் இருக்க வேண்டும். ஒரே ஒரு பெயர்.

"மியூசியத்துல வைக்க வேண்டியதை இன்னும் ஓட்டிட்டிருக்கீங்களே சார்" என்று சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

இன்று காலை எட்டரை மணிக்குக் கூப்பிட்டார். பின்னால் மிக்ஸி ஓடியது. நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒரு சந்தேகம் சார். சில்வண்டுக்குத் தனி ஏற்பாடு கேட்டிருக்கீங்க. அவங்கதான் இன்னிக்கு ஆறரைக்குக்கூட வந்திருக்காங்களே. நல்லா நடமாடுற ஆளுக்கு எதுக்கு சார்?"

அது நான் என்றேன். அவள் போய் நாலரை மாதமாகிறது என்றேன்.

மிக்ஸி நின்றது.

பிறகு வேலைக் குரலில் பேசினார். கிளம்பும்போது ஒரு வரி எழுதிவிட்டுப் போவது அங்கே பழக்கமாம். அவரவர் கடைசியாக எழுதிப் போனது பெயருக்குப் பக்கத்திலேயே இருக்குமாம், பெயரைக் கொடுத்துக் கேட்டால்தான் காட்டுமாம். ஒன்றுதான் இருக்கும். அடுத்தது வந்தால், அது வெற்று வரியாக இருந்தாலும், முந்தையது போய்விடும். சில்வண்டுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறது.

நான்தான். தினமும் ஒன்றும் எழுதாமல் கிளம்பியிருக்கிறேன். முதல் நாளே அவள் வரி போயிருக்கும். பிறகு எழுபத்தாறு நாள், அழிந்ததையே அழித்திருக்கிறேன்.

லேஸ் கையில் இருந்தது.

அவள் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. வீட்டுக்கு எதிரே, சாலையில், ஒரு லாரி. நான் அதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தேன். வீட்டுச் செருப்போடு அந்த நேரத்தில் எதற்குக் கீழே இறங்கினாள் என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியாது என்றேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

அவள் அம்மா மட்டும் வேறொன்று கேட்டார். "கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா மாப்பிள்ளை?"

பார்த்துப் போங்க என்று சொன்னாள் என்றேன்.

பொய். அன்று காலை சண்டை. எதற்கு என்றுகூட ஞாபகமில்லை. அவள் திரையைவிட்டுத் திரும்பவில்லை. நான் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினேன்.

"இருங்க சார், மேடம் கில்லாடி" என்றார் புரோகிராமர். "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தானா ஒரு நகல் எடுக்கற மாதிரி செஞ்சு வெச்சிருக்காங்க. பழசுல பாக்கறேன்."

கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது.

"கிடைச்சிடுச்சு சார்." குரல் மாறியிருந்தது. "நான் படிக்கல. அனுப்பறேன், நீங்களே பாத்துக்குங்க."

பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, எட்டு ஐம்பத்தாறு. சில்வண்டு கிளம்பும்போது எழுதியது:

"மகாராஜா கோவத்துல கண்ணாடிய விட்டுட்டுக் கிளம்பிட்டார். சாயங்காலம் வரைக்கும் பேசறதில்லைன்னு இருந்தேன். பஸ் ஸ்டாப்புலதான் நிப்பார், ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துடறேன். ஏழு, மேலிருந்து கீழ் எனக்குத் தெரிஞ்சுடுச்சு. யாரும் போட்டுடாதீங்க."