நடுவில் நின்ற எலக்ட்ரான்

சிலிக்கான் சில்லுக்குள் இருந்த ஒரு சின்னக் குழியில் ஓர் எலக்ட்ரான் குடியிருந்தது. மேலே பார்த்து நிற்கும், இல்லையென்றால் கீழே பார்த்து நிற்கும். அதைத் திருப்பி விடுவது மைக்ரோவேவ் அலையின் வேலை.

அன்றைய கணக்கு கடினமானது. எலக்ட்ரான் இரண்டுக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல் நின்றால்தான் விடை கிடைக்கும். அலை வந்து அதைப் பாதி திருப்பிவிட்டு, "நான் வர்ற வரைக்கும் இப்படியே நில்லுப்பா" என்று சொல்லிப் போனது.

பக்கத்தில் காவலுக்கு இருந்த சென்சாருக்குப் பொறுக்கவில்லை. "மேலயா, கீழயா?" என்று கேட்டது. கேட்டதுமே எலக்ட்ரான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அலை முதலிலிருந்து தொடங்கியது. இப்படியே ஆயிரம் தடவை நடந்தது.

"அண்ணே, நீங்க கேட்டாலே என்னால நிக்க முடியல. இந்த ஒரு தடவை கேக்காம இருங்க" என்று எலக்ட்ரான் களைத்துப்போய்க் கெஞ்சியது.

"சரி தம்பி, இனி கேக்கவே மாட்டேன்."

அலை மறுபடி பாதி திருப்பிவிட்டுப் போனது. எலக்ட்ரான் நின்றது. இதுவரை நிற்காத அளவுக்கு நின்றது. தூரத்தில் அலை திரும்பி வருவதுகூடத் தெரிந்தது.

"பார்த்தியா தம்பி, நான் எதுவுமே கேக்கல" என்றது சென்சார் பெருமையாக. "நல்லா நிக்கிறதானே?"

அலை வந்தபோது எலக்ட்ரான் கீழே பார்த்துக் கிடந்தது. அலை யாரையும் திட்டவில்லை. அதை மறுபடி மெல்லத் திருப்பத் தொடங்கியது.