தகப்பன் செடி

மனிதகுலத்தின் பசியைத் தணிக்க வந்த மக்காச்சோள ரகத்துக்கு அன்று வெள்ளிவிழா!

"இதன் முதல் கலப்புக்கு நானூறு செடிகளில் தகப்பன் செடியைத் தேடிப் பிடித்த மேதை இப்போது பேசுவார்!" என்று இயக்குநர் முழங்கினார்.

முன்வரிசையில் அமர்ந்திருந்த அந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானிக்கு வியர்த்தது.

"என்னம்மா சொல்றது?" என்றார், அந்நாளில் தம் உதவியாளராயிருந்த மனைவியிடம்.

"உண்மையைச் சொல்லுங்க. என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்க நாள் பூரா வரப்புல நின்னீங்களே, அந்தத் தைரியம் எங்க போச்சு?"

மேடையேறியவருக்கு, வரப்பில் நின்ற அந்த நாளில் அவள் தலைமுடியில் மஞ்சளாக ஒட்டியிருந்த மகரந்தம் நினைவுக்கு வந்தது.

"அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் வயலை விட்டு நகரவே இல்லை" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அந்தக் கல்யாணப் பேச்சு மும்முரத்தில், வேற்று மகரந்தம் விழாமல் கதிர்களுக்கு உறை மாட்ட இருவருமே மறந்துபோனதால், எந்தச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து விழுந்ததென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.